குறைகிற கூலண்ட் எங்கே போகிறது?

வணக்கம் நேயர்களே.

"கூலண்ட் குறைஞ்சிருந்துது, தண்ணி ஊத்திட்டேன், இப்ப நல்லா ஓடுது" என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறும். கார் எஞ்சினைக் குளிர்விக்கும் அமைப்பு ஒரு மூடிய சுற்று. அதற்குள் சுற்றிவந்து சூட்டை வாங்கும் திரவம்தான் கூலண்ட். அது பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்ந்துபோகும் பொருள் இல்லை. மாதாமாதம் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால், அது எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் என்ன ஊற்றுவது என்று யோசிக்க வேண்டும்.

தேடுவதற்கு முன் எஞ்சின் நன்றாக ஆறட்டும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். உள்ளே வெளிக்காற்றைவிட ஏறக்குறைய ஒரு பார் (bar, அழுத்த அலகு) கூடுதல் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் இறங்கும், மொத்தமும் கொதித்து முகத்தில் பீறிடும்.

ஒழுகின இடத்தில் கூலண்ட் காய்ந்து வெள்ளையாகவோ, பச்சையாகவோ, இளஞ்சிவப்பாகவோ ஒரு படிவை விட்டுவிட்டுப் போகும். ரப்பர் ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் மாட்டியிருக்கும் இடம், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, இவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். வாட்டர் பம்ப்பின் அடியில் சிறிய துளை ஒன்று இருக்கும். அதிலிருந்து கூலண்ட் சொட்டினால் உள்ளே சீல் போய்விட்டது, பம்ப்பை மாற்ற வேண்டியதுதான். மூடியின் ரப்பரும் ஸ்பிரிங்கும் தளர்ந்தாலும் கூலண்ட் வெளியேறும். விலை குறைந்த பாகம் என்பதால் பலர் அதைச் சந்தேகப்படுவதே இல்லை.

கண்ணுக்கு எதுவும் படவில்லையா? மெக்கானிக்கிடம் பிரஷர் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சினை ஓட்டாமலே, மூடியில் எழுதியிருக்கும் அளவுக்குக் கையால் காற்றடித்துவிட்டுக் காத்திருப்பார்கள். டெஸ்டரின் அழுத்தமானி முள் இறங்கினால் ஒழுகல் உண்டு.

உள்ளுக்குள் ஒழுகுவதுதான் ஆபத்து. காருக்குள் இனிப்பு வாடை, முன்பக்கக் கால்மிதியில் ஈரம் என்றால் ஹீட்டர் கோர், அதாவது காருக்குள் வெப்பக்காற்று தரும் சிறிய ரேடியேட்டர், ஒழுகுகிறது என்று சந்தேகப்படுங்கள். எஞ்சின் சூடேறிய பிறகும் சைலன்சரில் விடாத வெண்புகை, ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருப்பது என்றால் ஹெட் கேஸ்கெட் மீது, அதாவது எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகட்டின் மீது, சந்தேகப்பட வேண்டும். அப்புறம் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

ஒழுகலை அடைக்க ஊற்றும் திரவங்களை நான் பரிந்துரைப்பதில்லை. ஓட்டையை அடைக்கிற அதே பொருள், ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

இனி கலவை. கூலண்டின் முக்கியப் பொருள் பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். பாதிக்குப் பாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, கொதிநிலையும் உயரும். அப்படியென்றால் தண்ணீரே இல்லாமல் ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பார்கள். இல்லை. தனிக் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி வாக்கிலேயே உறையும். வெப்பத்தை வாங்கிச் சுமப்பதிலும் அது தண்ணீருக்கு வெகுதூரம் பின்னால்தான். வெறும் தண்ணீரும் சரிப்படாது. துருவைத் தடுக்கும் மருந்து அதில் கிடையாது. கலக்கும் தண்ணீர் வாலை வடித்த நீராக இருக்கட்டும். உப்புத் தண்ணீர் உள்ளே சுண்ணாம்பாகப் படியும். பாட்டிலில் ஏற்கெனவே கலந்தது என்று போட்டிருந்தால் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்காதீர்கள்.

நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். பச்சை இன்ன வகை, சிவப்பு இன்ன வகை என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி இல்லை. உங்கள் காரின் கையேட்டில் குறிப்பிட்டிருக்கும் தர எண் பாட்டிலில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒவ்வாத இரண்டு வகைகள் கலந்தால் துருத்தடுப்பு பலவீனமாகும், சில சமயம் குழம்பாகத் திரண்டுவிடும்.

புதிதாக நிரப்பியதும் உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றுவதை மறக்க வேண்டாம். கையேடு சொல்லும் முறையில் செய்யுங்கள். வடித்தெடுத்த பழைய கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் விட்டுவைக்காதீர்கள். அது இனிக்கும் நஞ்சு. நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும், குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. இறுக மூடிய கேனில் ஊற்றி, கழிவைப் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் ஒப்படையுங்கள்.

நன்றி, வணக்கம்.