ஒரே மேசையில் ஒரு பாடம்

நேயர்களுக்கு வணக்கம். இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்களைக் குடும்பத்தினர் எவ்வாறு பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதைப் பற்றிப் பேசுமாறு நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். எந்தத் தளத்தில் என்ன பாடம் இருக்கிறது என்று பட்டியல் வாசிக்கப் போவதில்லை. அதை உங்கள் வீட்டுப் பிள்ளைகளே ஒரு நிமிடத்தில் தேடித் தந்துவிடுவார்கள். பினாங்கில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஆர்வத்தோடு சேர்ந்த பாடம் ஏன் பாதியில் நின்றுபோகிறது என்பதையும், வீட்டில் இன்னொருவர் கூட அமர்ந்தால் என்ன மாறுகிறது என்பதையும் சொல்ல விரும்புகிறேன்.

இலவசப் பாடங்கள் நேற்று வந்தவை அல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் வகுப்புக் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் உலகத்துக்கே திறந்துவிடப் போவதாக 2001ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. பல பல்கலைக்கழகங்களின் பாடங்களை இணையத்தில் நடத்தும் கோர்செரா, எட்எக்ஸ் ஆகிய தளங்கள் 2012இல் தொடங்கின. பாடங்களுக்குப் பஞ்சமில்லை, முடிப்பவர்கள்தான் குறைவு. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் வழியாக முதலில் நடத்திய 17 பாடங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. அவற்றுக்கு வந்த பதிவுகள் 841,687. வழங்கப்பட்ட சான்றிதழ்கள் 43,196. பதிவு செய்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் பாடத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. பணம் கட்டாத வகுப்பை விட்டுவிட்டால் கேட்பார் யாருமில்லை அல்லவா?

இந்த இடத்தில், இலவசக் காணொளிப் பாடங்களை வழங்கும் கான் அகாடமியின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்கலாம். 2004இல் சல்மான் கான் என்பவர் வேறோர் ஊரில் இருந்த தம் உறவுக்காரச் சிறுமி ஒருத்திக்குத் தொலைபேசியிலும் இணையத்திலும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட மற்ற உறவினர்களும் தங்கள் பிள்ளைகளைச் சேர்த்துவிட, நேரம் போதாமல் காணொளிகளைப் பதிவு செய்து யூடியூபில் ஏற்றினார். இன்று கோடிக்கணக்கானோர் பார்க்கும் தளம் அவ்வாறு பிறந்தது. அந்தச் சிறுமிக்குக் கிடைத்தது காணொளி மட்டுமல்ல. மறுமுனையில், ‘புரிந்ததா, எங்கே தடுக்கிறது?’ என்று கேட்க ஒரு சொந்தக்காரர் இருந்தார். நாம் காணொளியை எடுத்துக்கொண்டோம், அந்தச் சொந்தக்காரரை விட்டுவிட்டோம்.

ஆகவே, வீட்டுக்கு ஒரு பாடம் போதும் என்பேன். வாரத்தில் இரண்டு மாலைகள், ஒரே மேசை, ஒரே திரை. சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம் வழியாக, பார்பரா ஓக்லியும் டெரன்ஸ் செய்னோவ்ஸ்கியும் கற்கும் முறையைப் பற்றியே 2014இல் கோர்செராவில் ஒரு பாடம் தொடங்கினார்கள். 25 நிமிடம் கவனம் சிதறாமல் படித்துவிட்டுச் சற்று ஓய்வெடுப்பது, படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்லிப் பார்ப்பது ஆகியவை அதில் வலியுறுத்தப்படுகின்றன. சொல்லிப் பார்க்க எதிரே ஒருவர் இருந்தால் இன்னும் நல்லது. தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப் பள்ளியின் முதலாம் படிவத்துக்குச் செல்லும் பிள்ளை, அறிவியலை மலாயில் படிக்கிறது, காணொளியை ஆங்கிலத்தில் பார்க்கிறது; அதையே பாட்டிக்குத் தமிழில் விளக்கட்டும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாதது இங்கே ஒரு வசதி. ஒன்றை அரையால் வகுத்தால் விடை எப்படி இரண்டாகக் கூடும் என்று அவர் மடக்கினால், ஒரு கிலோ மாவை அரைக் கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை வரும் என்று பேரன் யோசித்துத்தான் ஆக வேண்டும். விதியை மனப்பாடம் செய்த பிள்ளை அங்கே திணறும். தனிப்பயிற்சி வகுப்பில் அந்தத் திணறல் பெரும்பாலும் வெளியே தெரிவதில்லை.

பாடம் எப்போதும் பிள்ளைக்கானதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் முறுக்கும் அதிரசமும் செய்து விற்கும் தாய் கணக்குப் பதிவியல் படிக்கலாம். பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 2006 முதல் நடத்தும் ஓப்பன்லேர்ன் தளத்தில் அத்தகைய தொடக்கநிலைப் பாடங்கள் இலவசம். மலாய்மொழியில் நடக்கும் தேசியப் பள்ளிக்குச் சென்றதால் தமிழ் வாசிக்கத் தெரியாமல் வளர்ந்த பிள்ளைகள் நம்மிடையே நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கு, 2001இல் சென்னையில் தொடங்கப்பட்ட இன்றைய தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பாடங்கள் பொருந்தும். அங்கே ஆசிரியர் இடத்தில் தாத்தா அமரலாம்.

இலவசம் என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகப் படியுங்கள். எம்ஐடி தன் சொந்தத் தளத்தில் திறந்துவிட்ட பாடங்களுக்குப் பதிவும் வேண்டாம், பணமும் வேண்டாம், சான்றிதழும் கிடையாது. வேறு தளங்களில் காணொளி இலவசமாக இருந்தாலும் தேர்வுக்கும் சான்றிதழுக்கும் கட்டணம் இருக்கலாம். சில நாள் இலவசம் என்று கூறிக் கடன் அட்டை எண்ணைக் கேட்டால், ரத்து செய்ய வேண்டிய தேதியை நாட்காட்டியில் குறித்த பிறகே கொடுங்கள். கான் அகாடமியில் 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் வழியாகவே கணக்குத் திறக்க வேண்டும்.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டுவதில் நமக்குத் தனி மகிழ்ச்சி உண்டு, அதில் தவறில்லை. ஆனால் முறையான பட்டம் வேண்டுவோருக்கு வழி வேறு. மலேசியத் தகுதி முகமையான எம்கியூஏ வகுத்த ஏப்பல் என்ற முறையின்படி, 21 வயதைக் கடந்து, தொடர்புடைய பணி அனுபவம் உள்ளவர்கள் மதிப்பீட்டில் தேறினால் இளங்கலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களுக்கும் இது பொருந்தும். தங்கள் பணி அனுபவத்தை ஆவணங்களோடு தொகுத்துக் கொடுப்பதோடு, மொழியிலும் எண் கணக்கிலும் திறனைக் காட்டும் தேர்வையும் அவர்கள் எழுத வேண்டும். பல ஆண்டுகள் பேனாவைத் தொடாத ஒருவர் அந்தத் தேர்வுக்குப் போகுமுன், சில மாதங்கள் மகளோடு ஒரே மேசையில் அமர்ந்து கணக்குப் பாடம் பார்த்திருந்தால், வினாத்தாள் அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது.