அலைகரை மண்ணில் கிடக்கும் முட்டைகள்

வணக்கம் உறவுகளே. வன்னியில் ஒட்டுசுட்டான் பக்கத்தில் உள்ள ஒரு சிறு குளத்தின் அலைகரையில், அதாவது குளத்து நீர் ஏறி இறங்கும் கரையோரத்தில் நின்று இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். தீயாலும் மண் அள்ளுவதாலும் இங்கே அழியும் ஆமைகளையும் முதலை முட்டைகளையும் பற்றித்தான் பேசப்போகிறேன். இது ஆவணி மாதம். காலபோகத்துக்கு, அதாவது மாரிமழையை நம்பிச் செய்யும் நெற்செய்கைக்கு முன்னர் பற்றைகளை வெட்டி எரிக்கும் காலம்.

என் கையில் இருப்பதைக் கமராவுக்கு அருகில் கொண்டுவருகிறேன், பாருங்கள். இது ஒரு நட்சத்திர ஆமையின் ஓடு. கருந்தகடுகளின் நடுவிலிருந்து மஞ்சள் கோடுகள் விரிந்து செல்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். இந்த ஓட்டிலோ வலப்பக்கத்துத் தகடுகள் மூன்று தீயில் சுருண்டு கழன்று, அடியிலிருக்கும் எலும்பு வெளியே தெரிகிறது. மான் ஓடிவிடும், மயில் பறந்துவிடும். ஆமையோ ஆபத்து வந்தால் தலையை உள்ளிழுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே இருந்துவிடும். நரியிடமிருந்து அதைக் காப்பாற்றி வந்த அதே பழக்கம் தீயின் முன் அதைக் கொன்றுவிடுகிறது. இலங்கை, இந்தியா, பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் மட்டும் இயற்கையாக வாழும் இந்த இனத்தை, கடத்தல் பெருகியதால் 2019இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின், மிகக் கடுமையான பாதுகாப்புத் தரும் முதலாம் இணைப்பில் சேர்த்தார்கள். ஆனாலும் வன்னியில் நான் கண்டவரை, கடத்தலைவிடத் தீயும் மண் ஏற்றும் டிப்பர் லொறியுமே அதற்குப் பெரிய பகை.

இனி முதலைக்கு வருகிறேன். நம் குளங்களில் உள்ளது சேற்று முதலை. வறண்ட காலத்தில் கரையோரத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி பறித்து, 25 முதல் 30 வரையான முட்டைகளை இட்டு, மண்ணால் மூடிவிட்டுத் தாய் அருகிலேயே காவல் கிடக்கும். உள்ளே வளர்வது ஆணா பெண்ணா என்பதை அந்த மண்ணின் சூடே தீர்மானிக்கிறது. சென்னைக்கு அருகிலுள்ள முதலைப் பண்ணையில் நடந்த ஆய்வுகளில், 28 முதல் 31 பாகை செல்சியஸ் வரையான நிலையான சூட்டில் பெண் குஞ்சுகளே பொரித்தன, 32.5 பாகையில் ஆண் குஞ்சுகள் பொரித்தன. இடைவெளி வெறும் ஒன்றரைப் பாகை. மேலே நின்ற பற்றையை வெட்டினாலே மண் அதைவிடக் கூடுதலாகச் சுட்டுவிடக்கூடும். அதோடு ஆண்டுக்கு ஆண்டு கோடையும் கடுமையாகிக்கொண்டு போனால், புதைந்து கிடக்கும் முட்டை எங்கே போய் ஒதுங்கும்?

பருவம் தப்பிப் பெய்யும் மழை இன்னொரு கேடு. குளத்து நீர் ஓரிரவில் ஏறினால், ஓட்டின் நுண்துளைகள் வழியாக மூச்சுவிடும் முட்டைகள் நீருக்கடியில் திணறி இறந்துபோகும். குளம் முற்றாக வற்றினாலோ, பெரிய முதலைகள் இரவில் தரைவழியே அடுத்த குளத்தைத் தேடி நடக்கும். அப்போதுதான் வளவுகளிலும் வீதிகளிலும் மனிதர்களோடு முட்டுப்பட நேர்கிறது.

சென்ற ஆண்டு இங்கிருந்து சற்றுத் தள்ளி, வீதி வேலைக்காக மண் தோண்டும் ஒரு பெக்கோ இயந்திரம் கிரவல் மண் அள்ளிக்கொண்டிருந்தபோது, அதன் வாளியில் மண்ணோடு மண்ணாக வெள்ளை முட்டைகள் வந்ததைக் கண்டேன். கோழி முட்டையைவிடப் பெரியவை. உடைந்த ஒன்றுக்குள், சுட்டுவிரல் நீளத்தில், வால் சுருட்டிய குஞ்சு ஒன்று இன்னும் அசைந்துகொண்டிருந்தது. அந்தக் காட்சியை நான் பதிவு செய்யவில்லை, மனம் வரவில்லை.

2009இல் போர் முடிந்த பின்னர் வெறுங்கையோடு மீள்குடியேறிய குடும்பங்களைப் பார்த்துக் காணியை வெட்டாதே என்று சொல்லும் உரிமை எனக்கில்லை, சொல்லவும் மாட்டேன். என் வேண்டுகோள் சிறியது. தீ வைப்பதற்கு முன்னர் ஒருதரம் பற்றைக்குள் நடந்து பாருங்கள்; ஆமை கண்டால் அருகிலுள்ள காட்டோரத்தில் விட்டுவிடுங்கள். அலைகரையில் பற்றை நின்றால் நிற்கட்டும். கிரவலுக்கு வேறு மண் இருக்கிறது. தோண்டும்போது முட்டைகள் வெளிப்பட்டால் உடனே விலகி நில்லுங்கள், தாய் முதலை பக்கத்தில் இருக்கக்கூடும். முட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவே வேண்டாம். கோழி முட்டையைப் போலன்றி, இவற்றின் கரு ஓட்டின் மேற்பக்கத்தில் ஒட்டி வளர்வது, புரட்டினால் செத்துவிடும். வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவித்துவிட்டு, தாய் முதலை பக்கத்தில் இல்லை என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், அவர்கள் வரும்வரை வெயில் படாதபடி ஒரு பச்சைக் கொப்பை மேலே வெட்டிப் போட்டால் போதும்.