குளுக்கோஸ் கூடினா தாள் ஏன் மெலியுது?

அடுத்த கேள்வி சுங்கை சிப்புட்லேர்ந்து: "வீட்ல நாத்தா டி கோகோ வளர்க்கிறேன். லிட்டருக்கு 50 கிராம் குளுக்கோஸ் பவுடர் போட்டா தாள் இன்னும் மெலிசாகுது. ஜீனை மாத்தினா சரியாகுமா?"

ஆகும். ஆனா எந்த ஜீனைன்னு பார்க்கணும். நாத்தா டி கோகோங்கிறது கொமாகாட்டாய்பாக்டர்ங்கிற பாக்டீரியா நெய்யுற செல்லுலோஸ் தாள். எல்லாரும் செல்லுலோஸ் நெய்யுற பிசிஎஸ் ஜீன்களைக் கூட்டணும்னுதான் நினைப்பாங்க. நெசவு குறையல, நூல்தான் வீணாப் போகுது! கொமாகாட்டாய்பாக்டர் குளுக்கோஸை உள்ளே இழுக்குறதுக்கு முன்னாடியே, அதோட செல் சவ்வுல இருக்கிற குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் நொதி அதைக் குளுக்கோனிக் அமிலமா மாத்திடுது. குளுக்கோஸ் கூடக்கூட அமிலமும் கூடும், பிஹெச் இறங்கும், வளர்ச்சி மந்தமாகும். ஆய்வுக்கூடத்துல இந்த பாக்டீரியாவை வளர்க்கிற ஹெஸ்ட்ரின்-ஷ்ராம் ஊடகத்துல (சத்துக் கரைசல்ல) குளுக்கோஸ் லிட்டருக்கு 20 கிராம்தான்.

அதனால முதல்ல அந்த நொதியோட ஜீனைத்தான் உடைக்கணும். ஜீனோட இரண்டு பக்கத்துத் துண்டுகளுக்கு நடுவுல ஓர் ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஜீனை வச்சு, ஈ.கோலைங்கிற வேற பாக்டீரியாவோட பிளாஸ்மிட்ல (சின்ன டிஎன்ஏ வளையத்துல) ஏத்தி, மின்அதிர்வு கொடுத்து செல்லுக்குள்ளே விடுவாங்க. அந்த பிளாஸ்மிட் கொமாகாட்டாய்பாக்டருக்குள்ள பெருகாது. அதனால ஆன்டிபயாட்டிக் போட்டு வளர்த்தா, எதிர்ப்பு ஜீன் குரோமோசோம்ல ஒட்டின செல் மட்டும் பிழைக்கும். சிக்கல் இரண்டு. செல்லைச் சுத்தி செல்லுலோஸ் போர்வை இருந்தா டிஎன்ஏ நுழையாது, அதனால ஊடகத்துல செல்லுலேஸ் நொதி சேர்த்து வளர்க்கணும். அடுத்து, பிளாஸ்மிட் முழுசா ஒட்டிட்டு, உடைக்க வேண்டிய ஜீன் உடையாம அப்படியே நிக்கலாம். ஒட்டின இடத்தோட இரண்டு முனையிலும் பிசிஆர் (டிஎன்ஏ துண்டைப் பெருக்கிப் பார்க்கிற சோதனை) போட்டுப் பார்க்காம நம்பக்கூடாது.

கடைச் சீனின்னா கதை வேற. அது சுக்ரோஸ், இந்த பாக்டீரியா அதை மெதுவாத்தான் தின்னும். 1999-ல ஜப்பான்ல பச்சைப்பயறோட சுக்ரோஸ் சிந்தேஸ் ஜீனைப் புகுத்தினாங்க. சுக்ரோஸ்லேர்ந்து யுடிபி-குளுக்கோஸ் நேரா கிடைச்சது, செல்லுலோஸும் கூடுச்சு. செல்லுலோஸ் நெய்ய வேண்டிய நூலே அந்த யுடிபி-குளுக்கோஸ்தான். பாசிப்பயறுக்கு இப்படியொரு வேலை, பாருங்க.

ஆனா இதைச் சமையலறையில செய்யக்கூடாது. நம்ம மலேசியாவோட 2007 உயிரியல் பாதுகாப்புச் சட்டப்படி அறிவிப்புக் கொடுத்து, அடைப்புள்ள ஆய்வுக்கூடத்துலதான்.

வீட்டுக்கு? குளுக்கோஸை 20 கிராமுக்கு இறக்குங்க. அகலமான தட்டு நல்லது, தாள் காத்து படுற மேற்பரப்புலதான் உருவாகும். இடையில ஆட்டாதீங்க. 30 டிகிரிதான் அதுக்குத் தோது, மத்தியானத் தகரக் கூரைக்கடியில வைக்காதீங்க. தடிமனைப் பார்த்து ஏமாறவும் வேணாம்: தாள்ல 100-க்கு 99 பங்கு தண்ணி. கழுவி, காய வச்சு நிறுத்துப் பார்த்தாத்தான் உண்மை தெரியும்.