பங்கு போட்டாலும் தங்கம் தங்கம்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'பகிர்ந்து பெற்ற தங்கம் முழு வெற்றியா, அரை வெற்றியா?' என்பது தலைப்பு. முழு வெற்றியே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் 2002 பூசான் ஆசிய விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். ஆண்கள் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் நீச்சலில் உஸ்பெகிஸ்தானின் ரவில் நச்சாயெவும் தென் கொரியாவின் கிம் மின் சுக்கும் ஒரே நேரத்தில் முடித்து, இருவருக்கும் தங்கம். "ஆயிரத்தில் ஒரு நொடிவரை பார்த்திருந்தால் ஒருவர் தோற்றிருப்பார், ஆளுக்குப் பாதி கொடுத்து அனுப்பிவிட்டார்கள்" என்றார். கைதட்டல்கூட வாங்கினார், இருக்கட்டும்.

ஐயா, அப்படியும் பார்த்திருக்கிறார்களே! 1972 மியூனிக் ஒலிம்பிக், 400 மீட்டர் தனிநபர் மெட்லே, அதாவது நான்கு வகை நீச்சலையும் ஒருவரே நீந்தும் போட்டி. ஸ்வீடனின் குன்னர் லார்சன், அமெரிக்காவின் டிம் மெக்கீ, இருவருக்கும் 4 நிமிடம் 31.98 நொடி. விட்டார்களா? மூன்றாவது இலக்கத்தையும் தோண்டி, ஒரு நொடியை ஆயிரமாக்கி அதில் இரண்டு பங்கு வித்தியாசத்தில் லார்சனுக்குத் தங்கம் கொடுத்தார்கள். அப்புறம்தான், நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வோம் என்று விதியையே மாற்றினார்கள்.

ஏன் மாற்றினார்கள் தெரியுமா? 50 மீட்டரை 23 நொடிக்குள் நீந்துகிறவர் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகிறார், அப்படியானால் ஆயிரத்தில் ஒரு நொடி என்பது இரண்டு மில்லிமீட்டர் சொச்சம். ஆனால் குளத்தின் நீளம் 3 சென்டிமீட்டர் வரை கூடுதலாக இருக்கலாம் என்று அப்போதைய விதியே இடம் கொடுத்தது. ஒரு பாதையில் சுவர்ப் பூச்சு கொஞ்சம் தடித்து, பக்கத்துப் பாதையில் மெலிந்திருந்தால் முடிந்தது கதை. அந்த மூன்றாவது இலக்கம் அளப்பது நீச்சல்காரரை அல்ல நடுவர் அவர்களே, கொத்தனாரை!

இன்னொன்று. உஸ்பெகிஸ்தான்காரர் கடலைப் பார்க்க வேண்டுமானால் குறைந்தது இரண்டு நாட்டு எல்லையைத் தாண்டியாக வேண்டும், உலகத்திலேயே அப்படி இருப்பது இந்த நாடும் லிக்டன்ஸ்டைனும் மட்டும்தான். அங்கிருந்து ஒருவர் கொரியாவுக்குப் போய், ஜப்பானும் சீனாவும் ஆளுகிற ஆசிய நீச்சலில், உள்ளூர் வீரரோடு சரிசமமாக வந்து நிற்கிறார். அதுவும் 50 மீட்டர், ஒரே நீளம், திரும்பி வந்து பிடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சே இல்லை, குதிப்பதில் கொஞ்சம் பிசகினாலும் போச்சு. உள்ளூர்க்காரருக்குச் சலுகை காட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் தீர்ப்பு சொன்னது மனிதரில்லை, கை பட்டதும் கடிகாரத்தை நிறுத்துகிற தொடுபலகை.

மணி அடிக்கிறீர்கள், இதோ முடித்துவிடுகிறேன். 2000 சிட்னி ஒலிம்பிக்கிலும் இதே 50 மீட்டர்தான். அந்தோணி எர்வின், கேரி ஹால், இருவரும் 21.98, இருவருக்கும் தங்கம். அடுத்து வந்த பீட்டர் வான் டென் ஹூகன்பாண்டுக்கு என்ன கிடைத்தது என்று எதிரணி நண்பர் தேடிப் பார்க்கட்டும். முதல் இரண்டு இடமும் தங்கம் வென்ற இருவருக்கே போய்விட்டதால், வெள்ளி இல்லை ஐயா, வெண்கலம். தங்கத்தைப் பாதியாக உடைத்திருந்தால் அந்த வெள்ளி எங்கே போயிற்று?