தலைக்கவசத்துக்குள் குரல் நிற்கும் நேரம்

வானொலி நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் அணியின் தாக்குதலை வழிநடத்தும் ஆட்டக்காரரான குவார்ட்டர்பேக் அணிந்திருக்கும் தலைக்கவசத்துக்குள் ஒரு சின்னஞ்சிறு ஒலிபெருக்கி இருக்கிறது. ஆடுகளத்தின் ஓரத்தில் நிற்கும் பயிற்சியாளரின் குரல் அதன் வழியாக அவர் காதுக்கு வந்து சேரும். அடுத்து யார் எந்தப் பக்கம் ஓட வேண்டும், பந்து யாரிடம் போக வேண்டும் என்பதெல்லாம் அந்தக் குரலில் இருக்கும். 1994 முதல் தேசியக் கால்பந்து லீக் இதை அனுமதித்து வருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நகர்வு முடிந்து அடுத்ததைத் தொடங்க வழக்கமாக 40 நொடிகள் தருவார்கள். அதில் 15 நொடிகள் மிச்சமிருக்கும்போது அந்த இணைப்பு அறுந்துவிடும். அதன் பிறகு பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினாலும் பயனில்லை. 70,000 பேரின் இரைச்சலுக்கு நடுவே அந்த ஆட்டக்காரர் தனியாக நிற்பார்.

ஓர் அணியின் வெற்றி பயிற்சியாளருடையதா, குவார்ட்டர்பேக்குடையதா என்ற கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு அந்த 15 நொடிகள்தான் நினைவுக்கு வருகின்றன.

இந்த விளையாட்டைப் பார்த்திராத நேயர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அணிக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜமாவது முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணிப் பக்கத்து எல்லைக்கோட்டைப் பந்தோடு கடந்தால் டச் டவுன், அதற்கு 6 புள்ளிகள். கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்து அனுப்பினால் 3 புள்ளிகள். ஏறக்குறைய ஒவ்வொரு நகர்விலும் பந்து முதலில் வருவது குவார்ட்டர்பேக்கின் கைக்குத்தான். எறிவதா, இன்னொருவரிடம் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று இரண்டு மூன்று நொடிகளில் அவர் முடிவு செய்ய வேண்டும். நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஆட்கள் அவரைச் சாய்க்க ஓடி வந்துகொண்டிருப்பார்கள்.

இந்தக் கேள்வியை எழுப்பிப் பார்க்க நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அணியைவிடப் பொருத்தமான அணி இல்லை. பயிற்சியாளர் பில் பெலிசிக், குவார்ட்டர்பேக் டாம் பிராடி. 20 ஆண்டுகள் ஒன்றாக இருந்தார்கள். லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலில் ஆறு முறை கோப்பையை வென்றார்கள். அந்த ஆண்டுகளில் சிலவற்றை நான் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் கழித்தேன். குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் என் பக்கத்து வீட்டு முதியவர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஆட்டத்தை விளக்குவார். அவர் பயிற்சியாளர் கட்சி. நான் வெகு சீக்கிரமே பிராடி கட்சிக்குப் போய்விட்டேன்.

பெரியவர் பக்கம் வலுவான நியாயங்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டில் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில் பிராடியை யாரும் பொருட்படுத்தவில்லை. ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாகத்தான் பேட்ரியாட்ஸ் அவரை எடுத்தது. அவருக்காகப் பேசியவர் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர் டிக் ரேபைன். மறு ஆண்டு ஆகஸ்டில், 45 வயதில், ரேபைன் இதய நோயால் இறந்துபோனார். அவர் விட்டுச் சென்ற வேலையின் ஒரு பங்கைத் தலைமைப் பயிற்சியாளரான பெலிசிக்கே எடுத்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதும் தடுப்பாட்டத்தையே ஆராய்ந்த மனிதர் அவர். எதிரணியின் தடுப்பாளர் எங்கே நிற்கிறார், ஏன் நிற்கிறார், எதை மறைக்கிறார் என்று ஓர் இளைஞனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். இந்தக் கதையில் என்னை மிகவும் தொடுகிற இடம் இது. ஒரு மரணத்தால் நேர்ந்த ஏற்பாடு, இருவரையும் ஒரே மேசைக்கு முன் கொண்டுவந்து உட்காரவைத்தது.

2001 செப்டம்பர் 23 அன்று நியூயார்க் ஜெட்ஸ் அணியின் மோ லூயிஸ் மோதியதில் பேட்ரியாட்ஸின் முதல் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்சோ படுகாயமடைந்தார். அந்த ஆண்டு தொடக்கத்தில்தான் அவருக்கு 10 ஆண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அவருடைய இடத்தில் பிராடி இறங்கினார். நவம்பரில் பிளெட்சோ குணமாகித் திரும்பியபோது அணியின் கணக்கு ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி. எந்தப் பயிற்சியாளருக்கும் எளிதான வழி கண்ணெதிரே இருந்தது: கோடிகளைக் கொட்டி வைத்திருக்கும் அனுபவசாலியைத் திரும்பக் களமிறக்குவது. பெலிசிக் அதைச் செய்யவில்லை. பருவம் முடியும்வரை பிராடியே ஆடுவார் என்று அறிவித்தார். முந்தைய ஆண்டு 5 வெற்றி, 11 தோல்வி என்று முடித்த பயிற்சியாளர் அவர். கணக்குத் தப்பியிருந்தால் வேலையே போயிருக்கும். மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களையும் அணி வென்றது.

அந்தப் பருவத்தின் இறுதி ஆட்டம் 2002 பிப்ரவரி 3 அன்று. எதிரே செயின்ட் லூயிஸ் ராம்ஸ். 14 புள்ளி வித்தியாசத்தில் ராம்ஸ் வெல்லும் என்று பந்தயக்காரர்கள் கணித்திருந்தார்கள். பெலிசிக் வகுத்த திட்டம் கேட்க எளிமையானது. ராம்ஸின் முக்கிய ஓட்டக்காரர் மார்ஷல் ஃபாக்கிடம் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அவரை மோத வேண்டும். புள்ளிகளை அள்ளிக் குவித்துக்கொண்டிருந்த அந்த அணி 17 புள்ளிகளில் நின்றது. பிராடி அன்று பந்து எறிந்து பெற்றுத் தந்தது 145 கெஜம் மட்டுமே. ஆனால் ஆட்டம் 17-17 என்று சமமாகி, 81 நொடிகள் மட்டும் மிச்சமிருந்தபோது, கூடுதல் நேரத்துக்குப் போய்விடுவதுதான் புத்திசாலித்தனம் என்று தொலைக்காட்சியில் ஜான் மேடன் சொல்லிக்கொண்டிருந்தார். கடிகாரத்தை நிறுத்தக் கையில் ஓர் இடைவேளைகூட இல்லை. பிராடி பதறாமல் சின்னச் சின்ன எறிதல்களால் அணியை முன்னே கொண்டுபோனார். ஆடம் வினாட்டியேரி 48 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே போனது. 20-17.

இந்த ஆட்டம் யாருடையது? முதல் 58 நிமிடங்கள் பெலிசிக்குடையவை என்று நான் தயங்காமல் சொல்வேன்.

2008இல் பெரியவருக்கு இன்னொரு சான்று கிடைத்தது. பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே பிராடியின் முழங்கால் தசைநார் கிழிந்தது. பதிலுக்கு வந்த மேட் கேசல், பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு ஓர் ஆட்டத்தைக்கூடக் குவார்ட்டர்பேக்காகத் தொடக்கத்திலிருந்து ஆடியதில்லை. ஆனாலும் அணி 11 வெற்றிகளோடு பருவத்தை முடித்தது. “யாரை நிறுத்தினாலும் இந்த மனிதர் ஜெயிப்பார், பார்த்தாயா?” என்றார் பெரியவர். அன்று என்னிடம் பதில் இல்லை. பிறகுதான் யோசித்தேன். முந்தைய ஆண்டு அதே அணி பிராடியோடு வழக்கமான பருவத்தின் 16 ஆட்டங்களையும் வென்றிருந்தது. கேசலோடு ஐந்து ஆட்டங்களை இழந்து, கோப்பைச் சுற்றுக்கே போக முடியவில்லை. நல்ல பயிற்சியாளரால் ஓர் அணி எவ்வளவு தூரம் போகும் என்பதை அந்த ஆண்டு காட்டியது. எங்கே நிற்கும் என்பதையும் காட்டியது.

பிராடியின் தரப்புக்கு வருகிறேன். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, பேட்ரியாட்ஸ் 3. மூன்றாவது கால்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நிலையிலிருந்து மீண்டு, கூடுதல் நேரத்தில் 34-28 என்று வென்றார்கள். பிராடி அன்று 62 முறை எறிந்து 466 கெஜம் சேர்த்தார். மறு ஆண்டு ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு எதிராக 505 கெஜம் எறிந்தும் 41-33 என்று தோற்றார். அந்த இறுதி ஆட்டத்தில் மால்கம் பட்லரைத் தடுப்பாட்டத்தில் ஒருமுறைகூட இறக்காமல் பெலிசிக் ஓரத்தில் உட்காரவைத்திருந்தார். 2015இல் சியாட்டில் அணி கோப்பைக்கு ஒரு கெஜம் தொலைவில் நின்றபோது பந்தை இடைமறித்து வெற்றி தேடித் தந்தவர் அதே பட்லர். அவரை உட்காரவைத்ததற்கு நிறைவான விளக்கம் எதையும் பெலிசிக் தரவில்லை. அந்தத் தோல்வி பயிற்சியாளரின் கணக்கில்தான் சேர வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

2020 மார்ச்சில் இருவரும் பிரிந்தார்கள். முந்தைய ஆண்டு ஏழே வெற்றிகள் பெற்றிருந்த டாம்பா பே பக்கனியர்ஸ் அணிக்கு பிராடி போனார். 2021 பிப்ரவரி 7 அன்று, 43 வயதில், ஏழாவது கோப்பையை வாங்கினார். எதிரணியான கான்சாஸ் சிட்டியை ஒரு டச் டவுன்கூட எடுக்கவிடாமல் 31-9 என்று மடக்கியதில் டாம்பாவின் தடுப்பாட்டப் பயிற்சியாளர் டாட் போல்ஸ் வகுத்த தடுப்பாட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பெலிசிக்கோ அதற்குப் பிறகு நான்கு பருவங்கள் பேட்ரியாட்ஸில் இருந்தார். 29 வெற்றி, 38 தோல்வி. கடைசிப் பருவத்தில் 17 ஆட்டங்களில் நான்கே வெற்றி. 2024 ஜனவரியில் விடைபெற்றார். பிராடி வருவதற்கு முன் கிளீவ்லேண்டில் ஐந்து ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோதும் அவர் வென்றதைவிடத் தோற்றதே அதிகம்: 36, 44.

இந்த எண்களை வைத்துக்கொண்டு பெலிசிக்கைக் குறைத்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. பிராடிக்கு முன்பே, நியூயார்க் ஜயன்ட்ஸின் தடுப்பாட்டப் பயிற்சியாளராக, 1991 ஜனவரியில் பஃபலோ பில்ஸின் அதிவேகத் தாக்குதலை 19 புள்ளிகளில் நிறுத்தியவர் அவர். அந்தத் திட்டக் குறிப்பு இன்று கான்டன் நகரத்துக் கால்பந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த மூளை 2020இல் திடீரென்று மழுங்கிவிடவில்லை.

அப்படியென்றால் எது போனது? என் எண்ணத்தைச் சொல்கிறேன். பேட்ரியாட்ஸ் அணியில் ஒரு வழக்கம் இருந்தது. வென்ற ஆட்டத்தின் படத்தைக்கூட மறுநாள் போட்டு, தவறுகளைப் பெலிசிக் எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டுவார். முதலில் திட்டு வாங்குகிறவர்களில் பிராடி இருப்பார். உலகமே கொண்டாடும் ஆட்டக்காரர், மூன்று கோப்பை, நான்கு கோப்பை வாங்கிய பிறகும், நேற்றுச் சேர்ந்த பையன்களோடு உட்கார்ந்து அந்த வசவை வாங்கிக்கொள்வார். அவரே வாங்கிக்கொள்ளும்போது மற்றவன் எப்படி முறைப்பான்? சம்பளத்திலும் இதே கதைதான். லீக்கில் ஓர் அணி மொத்தமாகச் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு. பிராடி பல முறை தன் தகுதிக்குக் கீழான தொகைக்குக் கையெழுத்திட்டார். மிஞ்சிய பணத்தில் மற்ற ஆட்டக்காரர்களை எடுக்கப் பெலிசிக்கால் முடிந்தது.

பெலிசிக்கின் கண்டிப்பு எல்லோரும் அறிந்தது. அந்தக் கண்டிப்பு செல்லுபடியானதற்குப் பிராடி கொடுத்த சம்மதம் காரணம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2020க்குப் பிறகும் அதே திட்டு இருந்தது, அதே படம் இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து வாங்கிக்கொள்ள அந்த ஆள் இல்லை. ஆகவே கட்டாயப்படுத்திக் கேட்டால் என் வாக்கு குவார்ட்டர்பேக்குக்குத்தான். ஆனால் அந்தக் குவார்ட்டர்பேக்கை 2001 நவம்பரில் பிடிவாதமாக நிறுத்தியவர் யார் என்பதையும் மறக்க மாட்டேன்.

மற்ற அணிகளின் வரலாறு இதை எளிதாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாஷிங்டனின் ஜோ கிப்ஸ் மூன்று கோப்பைகளை மூன்று வெவ்வேறு குவார்ட்டர்பேக்குகளோடு வென்றார். மயாமியின் டான் ஷூலாவோ, 1972இல் பாப் கிரீசியின் கால் முறிந்த பிறகும் 38 வயது ஏர்ல் மோரலை வைத்துக்கொண்டு, கோப்பை ஆட்டம் உட்பட ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் பருவத்தை முடித்தார். இன்றுவரை அப்படி வேறு எந்த அணியும் முடித்ததில்லை. அதே ஷூலாவிடம் பின்னாளில் டான் மரீனோ வந்தார். எறிதலில் அவருக்கு இணை அன்று யாரும் இல்லை. இருவரும் 13 பருவங்கள் சேர்ந்திருந்தும் ஒரு கோப்பைகூடக் கிடைக்கவில்லை. மிகச் சிறந்த பயிற்சியாளரும் மிகச் சிறந்த கையும் ஒன்றாக இருந்தும் கைகூடாத கதை அது. மரீனோவை நினைக்கும்போது எனக்கு இப்போதும் மனம் வலிக்கிறது.

பிராடி டாம்பாவில் கோப்பை வாங்கிய அன்று என் பழைய பக்கத்து வீட்டுக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். பேட்ரியாட்ஸ் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டுதான் ஆட்டத்தைப் பார்த்தேன் என்றார். பெலிசிக்கைப் பற்றி நானும் கேட்கவில்லை, அவரும் பேசவில்லை.

அதே ஆண்டு அக்டோபர் 3 அன்று டாம்பா அணி பேட்ரியாட்ஸின் சொந்த ஊரான ஃபாக்ஸ்பரோவுக்கு வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. 18 பருவங்கள் தனதாக இருந்த மைதானத்தில் பிராடி எதிரணியின் உடையில் இறங்கினார். அன்றுதான் எறிதலில் மொத்த கெஜங்களுக்கான லீக் சாதனையையும் கடந்தார். கடைசி நிமிடத்தில் பேட்ரியாட்ஸின் நிக் ஃபோக் 56 கெஜத்திலிருந்து உதைத்த பந்து கம்பத்தில் பட்டுத் தெறித்தது. டாம்பா 19-17 என்று வென்றது. ஆடுகளத்தில் பெலிசிக்கும் பிராடியும் ஒரு கணம் அணைத்துக்கொண்டு விலகியதைப் பார்த்து, இவ்வளவுதானா என்று பலரும் முகம் சுளித்தார்கள். ஆனால் கூட்டம் கலைந்த பிறகு பெலிசிக், எதிரணியின் உடைமாற்றும் அறைக்கு நடந்து போனார். உள்ளே இருவரும் இருபது நிமிடங்களுக்கு மேல் பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்த பிராடியிடம் என்ன பேசினீர்கள் என்று கேட்டார்கள். அது எங்கள் இருவருக்குள் என்று சொல்லிவிட்டார்.

நேயர்களுக்கு நன்றி. வணக்கம்.