கதை மாந்தருக்கு உருவம் கொடுப்பது

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

புதிதாகக் கதை எழுதுகிறவர்களின் பிரதிகளை வாசிக்கும்போது, ஒரு மனிதர் கதைக்குள் நுழைகிற இடத்தைத்தான் நான் முதலில் தேடுவேன். பெரும்பாலும் அங்கே கதை நின்றுவிடுகிறது. நல்ல உயரம், மாநிறம், சுருட்டை முடி, எடுப்பான மூக்கு, சிரித்தால் கன்னத்தில் குழி என்று ஒரு பத்தி வரும். அது முடிந்த பிறகு கதை மறுபடி கிளம்பும். அந்தப் பத்தியை வெட்டி வேறு எந்தக் கதையில் வைத்தாலும் பொருந்திவிடும். காணாமல் போனவரைத் தேடும் அறிவிப்பில் இருப்பதைப் போல எல்லா அங்க அடையாளமும் அதில் இருக்கிறது. ஆனால் அந்த மனிதர் எங்கே வளர்ந்தார், என்ன பட்டார், யாருக்குக் கூச்சப்படுவார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

பிறக்கும்போது வந்த மூக்கைவிட, வாழ்ந்ததால் உடம்பில் ஏறிய அடையாளம்தான் கதைக்கு உதவும் என்பது என் உறுதியான எண்ணம். இதற்கு நம் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. பல்.

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற உப்பு அதிகம் என்பது நமக்குத் தெரியும். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாறையில் ஊறி வரும் நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பல ஊர்களில் அதைத் தாண்டியிருந்தது. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் வெள்ளைத் திட்டு விழுந்தது, பழுப்புக் கோடு விழுந்தது. எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல்லின் மேற்பூச்சான எனாமல் உருவாகும் சின்ன வயதில்தான் இந்தக் கறை ஏறும். வளர்ந்த பிறகு வெளியூரிலிருந்து வந்து குடியேறியவருக்கு ஏறாது. ஆகவே வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பாட்டிக்கு வெள்ளைப் பல், அவர் இங்கே பெற்று வளர்த்த மகளுக்குக் கறை. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அதற்குப் பின் பிறந்து, காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த பேத்திக்கு மறுபடி வெள்ளைப் பல். ஒரே வீட்டில், ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கும் மூன்று பெண்கள். வருடத்தைச் சொல்லாமலே உங்களால் காலத்தைச் சொல்லிவிட முடியும்.

அந்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "அவள் பல்லில் கறை இருந்தது" என்று எழுதினால் அது தகவல், அவ்வளவுதான். சிரிப்பு வரும்போது அவள் கை தானாக வாய்க்குப் போகிறது, போட்டோவில் உதட்டை மூடிக்கொள்கிறாள் என்று எழுதுங்கள். அவளே வந்துவிடுவாள். சரி, அந்தக் கறையைப் பார்ப்பது யார்? கூடவே வளர்ந்த பக்கத்து வீட்டுப் பையன் கண்ணில் அது படவே படாது, அவன் பல்லும் அப்படித்தானே. கோயம்புத்தூரிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளையின் அத்தை கண்ணில்தான் முதலில் படும். கதை யாருடைய கண் வழியாகப் போகிறதோ, அந்தக் கண்ணுக்குப் புதிதாகத் தெரிவதை மட்டும் எழுதினால் போதும். இதைப் பிடித்துக்கொண்டால் வருணனையில் பாதி தானாகக் குறைந்துவிடும்.

இந்த வித்தை நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. தகடூர் என்ற பழைய பெயரில் இருந்த நம் தருமபுரியை ஆண்ட அதியமான் போர்க்களத்திலிருந்து வந்து, பிறந்த மகனைப் பார்க்கும் காட்சியை ஔவையார் பாடியிருக்கிறார், புறநானூற்றின் நூறாவது பாட்டு. கையில் வேல், காலில் கழல், உடம்பில் வியர்வை, கழுத்தில் ஈரம் காயாத புண், தலையில் பனந்தோடும் வெட்சியும் வேங்கையும். மன்னன் அழகனா, என்ன நிறம் என்று ஒரு பேச்சும் இல்லை. எல்லாம் அந்த ஒரு பொழுதுக்கு உரியவை. முடிவில் பாட்டு அவன் கண்ணுக்கு வருகிறது. பகைவரைப் பார்த்த கண், தன் மகனைப் பார்க்கும்போதும் சிவப்பு மாறவில்லையாம். ஒவ்வொரு முறை படிக்கும்போதும் எனக்கு அந்தக் குழந்தையை நினைத்துக் கொஞ்சம் பயமாக இருக்கும்.

நிறத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நல்லவள் என்றால் சிவப்பு, அடியாள் என்றால் கன்னங்கரேல் என்று இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறோம். வெயிலில் வேலை பார்க்கும் மானாவாரிச் சீமை இது. இதை வாசிக்கும் பிள்ளை தன் அப்பாவின் நிறத்தை அடியாளிடம் பார்க்கிறது. "கறுப்பாக இருந்தாலும் களையாக இருந்தாள்" என்ற வாக்கியம் அந்தப் பெண்ணை ஏதோ குற்றத்துக்கு மன்னித்துவிடுவதைப் போல இருக்கிறது, எனக்குத் தாங்கவில்லை. பல் கறைக்கும் இதே நியாயம்தான். அது தண்ணீரின் வேலை. அவர் குணத்துக்கு அதில் பங்கில்லை.

தொழிலும் தண்ணீரும் உடம்பில் விட்டுச்செல்லும் அடையாளங்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. மாங்காய்ப் பால் பட்டு வெந்த முன்கை, புளி தட்டித் தட்டிக் கறுத்த விரல் நுனி. ஃபுளோரைடு எலும்பு வரை போனவர்களுக்குக் கழுத்து இறுகிவிடும். கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து திரும்புவார்கள். அந்தத் திரும்பலை எழுதினால் ஒரு பக்க வருணனை மிச்சம்.

அப்புறம், கதையின் போக்கையே மாற்றும் அடையாளம் என்றால் ஆள் உள்ளே வரும்போதே சொல்லிவிடுங்கள். ஆறாம் பக்கத்தில் போய் அவனுக்கு இடது கை கிடையாது என்றால், அதுவரை வாசகர் மனதில் இரண்டு கையாலும் பரிசல் தள்ளிக்கொண்டிருந்தவனை என்ன செய்வது?

கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே வருணித்துக்கொள்ளும் கதாநாயகியை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்ணாடியில் யாரும் தன் நீண்ட கருங்கூந்தலை ரசித்துக்கொண்டு நிற்பதில்லை. பொட்டு நேராக இருக்கிறதா, காதோரம் நரை தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம். அந்த நரையை எழுதுங்கள்.

வாய்ப்பளித்த வானொலி நிலையத்துக்கு நன்றி. வணக்கம்.