தேக்கு இறங்கிய வழி

நேயர்களுக்கு வணக்கம். வால்பாறை என்றாலே எல்லோருக்கும் ஆழியாறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளும்தான் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது மறுபக்கத்து வழி. சோலையாறு அணையைத் தாண்டி மளுக்குப்பாறை, வாழச்சால், சாலக்குடி, அப்புறம் கொச்சி.

மளுக்குப்பாறை வனத்துறைச் சோதனைச்சாவடியில் எங்கள் வண்டியிலிருந்த பிளாஸ்டிக் பாட்டில்களை ஒன்று விடாமல் எண்ணிச் சீட்டில் குறித்தார்கள். ஆறு. வாழச்சாலில் வெளியேறும்போதும் ஆறு இருக்க வேண்டுமாம். (நல்ல ஏற்பாடு, இதை ஊட்டிக்கும் யாராவது சொல்லுங்கள்.) அதற்குப் பிறகு காடுதான். ஓரிடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, தலைக்கு மேலே யாரோ மூச்சிரைக்க ஓடுவதுபோல் ஒரு சத்தம், நிமிர்ந்து தேடுவதற்குள் இரண்டு இருவாச்சிகள் மறுகரை மரத்துக்கே போய்விட்டன. அந்தப் பறவையின் சிறகுச் சத்தம் முதலில் வரும், பறவை பிறகுதான்.

இந்த மலைக்கும் கொச்சிக்கும் உள்ள தொடர்பு பழையது. இந்தச் சாலைக்கு வடக்கே பறம்பிக்குளத்திலிருந்து சாலக்குடிக்கு, மரம் இறக்குவதற்கென்றே கொச்சி சமஸ்தானம் ஒரு டிராம் பாதை போட்டது. 1907-ல் ஓடத் தொடங்கி 1963 வரை ஓடியது. செங்குத்தான சரிவுகளில் அதற்கு இன்ஜினே கிடையாது. தடி ஏற்றிய பெட்டி தன் கனத்தால் கீழே இறங்க, கம்பிவடத்தின் மறுமுனையில் கட்டிய காலிப் பெட்டி மேலே ஏறும். காட்டின் கனத்தை வைத்தே காட்டைக் காலி செய்திருக்கிறார்கள், கணக்குத் தெரிந்தவர்கள்!

சாலக்குடி வந்ததும் நெடுஞ்சாலை, ஹாரன், நகைக்கடை விளம்பரங்கள். அதில் பேச ஒன்றுமில்லை.

கொச்சியில் முதல் ஒரு மணி நேரம் எனக்குக் காது வலித்தது. வில்லிங்டன் தீவே துறைமுகத்துக்காக ஆழப்படுத்தியபோது அள்ளிய மண்ணில் உருவானதுதான். கப்பலின் சங்கு ஒலித்தால் நெஞ்சுக்குள் அதிர்கிறது, ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குப் போகும் ஜங்காரில் (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் படகு) லாரியும் பைக்கும் மீன் கூடையும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஏறுகின்றன. ஆனாலும் அந்தக் கூச்சல் எனக்குப் பிடித்திருந்தது, ஏனோ.

மாலையில், கரையில் நட்ட பெரிய கம்பங்களில் தொங்கும் சீன வலையை இழுக்கும் மீனவர்கள் கூப்பிட்டார்கள், நானும் ஒரு கை பிடித்தேன். கயிற்றில் வரிசையாகத் தொங்கும் பாறாங்கற்கள்தான் எதிர் எடை. ஐந்து பேர் இழுத்தால் கற்கள் இறங்கும், வலை எழும். டிராம் பாதையின் அதே கணக்கு! கிடைத்தது கையளவு பொடிமீனும் ஒரு நண்டும். உப்புக்காற்றில் வெளுத்துப்போயிருந்த பெரிய கம்பத்தைத் தட்டி, இது என்ன மரம் என்று கேட்டேன்.

"தேக்கு" என்றார் பெரியவர்.

எந்தக் காட்டுத் தேக்கு என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "மர டிப்போத் தேக்கு" என்று சொல்லி மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.